காயைச் சாப்பிடும் முன் காயைப் படத்தில் பார்த்த குழந்தைகள்

காட்பாடியிலிருந்து ஒரு தாய்:

இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் பழக்கமில்லாத காயை மறுப்பதைப் பலர் பிடிவாதம் என்கிறார்கள். அறியாத ஒன்றை வாயில் வைக்க அஞ்சுவது அந்தப் பருவத்தின் இயல்பு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயின் காம்பு ஒருநாள் என் மகளின் விரலில் குத்திவிட்டது. அதன் பிறகு, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைக்கூட அவள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள்.

ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தைப் பெற்றோர் இரண்டு வாரங்கள் நாள்தோறும் குழந்தையுடன் சேர்ந்து பார்த்தால், அதைச் சுவைத்துப் பார்க்கும் விருப்பம் குழந்தைக்குக் கூடுகிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருப்பதைப் படித்தேன். ஆனால் எனக்குக் கிடைத்த புத்தகங்களில் பிராக்கோலியும் ஸ்ட்ராபெரியும்தான் இருந்தன. எங்கள் அடுப்பில் ஏறாத காயின் படம் எங்களுக்கு எதற்கு? ஆகவே, இலவம்பாடியில் உறவினர் நிலத்தில் நின்ற செடி, அதன் ஊதாப் பூ, பிஞ்சு, முள் நிறைந்த காம்போடு விளைந்த காய், அரிவாள்மனையில் காம்பை நீக்கும் கை, எண்ணெயில் வதங்கும் துண்டுகள், கேழ்வரகுக் களியின் அருகே ஊற்றிய குழம்பு என்று வரிசையாகப் படமெடுத்து, அட்டையில் ஒட்டி, நூலால் தைத்துக் கொடுத்தேன்.

காம்பை நீக்கும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னாள். அச்சம் சுவையில் இல்லை, முள்ளில்தான் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. பிறகு நேதாஜி மார்க்கெட்டில் காய்க்குவியலைத் தானே அடையாளம் காட்டினாள். சில நாள்களில் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து நக்கிப் பார்த்தாள், பின்னர் மென்றாள். "சாப்பிட்டால்தான் கதை" என்று நாங்கள் ஒருபோதும் பேரம் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் புத்தகத்தையும் சேர்த்தே வெறுத்திருப்பாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

குடியாத்தம் பகுதி அங்கன்வாடிப் பணியாளர்:

சகோதரி சொல்வதை எங்கள் மையத்திலும் காண்கிறேன். முருங்கைக்கீரைப் படத்தைக் காட்டும்போதே ஓர் இணுக்கைக் குழந்தைகளின் கையில் கொடுத்து உருவச் சொல்கிறேன். தாம் உருவிய கீரை சாம்பாரில் மிதப்பதைக் கண்டால், நான்கு வயதுப் பிள்ளைகள் முதலில் சாப்பிடுகிறார்கள், அவர்களைப் பார்த்துச் சின்னவர்களும் வாய் திறக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோட்டோவியத்தைவிடப் புகைப்படமே எளிதில் புரிகிறது. "உடம்புக்கு நல்லது" என்ற வரியை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். அது மருந்துச் சீட்டைப் போலாகிவிடும். பக்கங்களுக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டுவிடுங்கள், ஏனெனில் சின்னவர்கள் படத்தையே முதலில் கடித்துப் பார்ப்பார்கள்.