புதுப்பிப்பு: ரோமிலிருந்து ஒரே நாளில் அசிசி போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு, புனித பிரான்சிஸின் ஊரான அசிசி என்ற இத்தாலிய மலைநகரத்துக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. "பேருந்தில் உச்சியிலுள்ள மத்தேயோத்தி சதுக்கம் வரை போய், அங்கிருந்து இறங்கி நடங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சான் ருஃபினோ தேவாலயம், நகரச் சதுக்கம், கடைசியில் புனித பிரான்சிஸ் பேராலயம், பெரும்பாலும் இறக்கம்தான். திரும்பும் பேருந்தைப் பேராலயத்துக்குக் கீழேயே பிடித்தோம்.

பேராலயத்தின் மேல்கோவிலில் பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 28 சுவரோவியங்கள். 1997 நிலநடுக்கத்தில் விதானம் இடிந்த இடம் அதுதான். அண்ணாந்து பார்த்தபோது மனம் கனத்தது. உள்ளே படமெடுக்கக் கூடாது.

எதிர்பாராதது: நிலையத்துக்கு அருகே பெரிய தேவாலயத்துக்குள் போர்ச்சியுங்கோலா என்ற குட்டிக் கோவில். அம்மாவுக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.