முதல் செய்தியிலேயே ஆர்டர் கேட்காதவர்கள்

தொழில்முறைச் சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் வணிக உறவுகளை வளர்த்த அனுபவம் பற்றி நான்கு பேர் எழுதியவை.

வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, கரூர்

சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன் ஆகியவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் சந்தைப்படுத்தல் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஊரில் புதிய பையரை (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தை) அடைய நெடுங்காலமாக இரண்டு வழிகளைத்தான் நம்பியிருந்தோம்: ஒன்று பையருக்காகச் சரக்குத் தேடித் தரும் பையிங் ஏஜென்ட், மற்றொன்று ஜனவரி தோறும் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் கூடும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சி. கொரோனா காரணமாக 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஜனவரியில் அந்தக் கண்காட்சி நடைபெறாமற்போனபோதுதான், 2003 முதல் இயங்கிவரும் லிங்க்ட்இன் பக்கம் எங்களில் பலர் முழுமனதோடு திரும்பினோம்.

திரும்பியவர்களில் பெரும்பாலோர் செய்தது ஒன்றே. அறிமுக வேண்டுகோளை எதிர்த்தரப்பு ஏற்ற மறுநிமிடமே நிறுவன வரலாறு, விலைப்பட்டியல், தரச் சான்றிதழ்கள் அனைத்தையும் இன்பாக்ஸில் கொட்டினார்கள். ஹாம்பர்க்கில் அமர்ந்திருக்கும் ஒரு கொள்முதல் அதிகாரிக்கு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து ஒரே வாசகத்துடன் வரும் செய்திகளுக்கிடையே நம்முடையதை மட்டும் தனித்துப் பார்க்க என்ன காரணம் இருக்கிறது? இதை எங்கள் முதலாளியிடம் எடுத்துக் கூறி, விலையைப் பற்றிப் பேசாமல் துணியைப் பற்றி மட்டும் எழுதுவதற்கு அனுமதி பெற்றேன்.

நான் எழுதியவற்றில் ஒன்று, சிறு சதுரக் குழிகளாகத் தெரியும் வாஃபிள் நெசவுத் துண்டுகளைப் பற்றியது. அந்த நெசவில் பாவும் ஊடையும் நெருக்கமாகப் பின்னாமல் நீளமாக மிதந்து செல்லும் இடங்கள் அதிகம் என்பதால், தறியின் இழுவையில் விறைப்பாக நின்ற துணி முதல் சலவையில் நீர் பட்டதும் தளர்ந்து, சாதாரண நெசவைவிடக் கூடுதலாகச் சுருங்குகிறது. சலவைக்கு முந்தைய துண்டையும் பிந்தைய துண்டையும் அருகருகே விரித்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து, "ஆர்டர் கொடுக்கும்போது துண்டின் அளவைச் சலவைக்குப் பிந்தைய அளவாகக் குறிப்பிடுங்கள், வெட்டும்போதே அதற்கேற்பக் கூடுதல் விடச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தேன். எந்தத் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவருக்கும் பயன்படக்கூடிய செய்தி அது.

டென்மார்க்கில் ஒரு நிறுவனத்தின் தரப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் அதன் கீழ் ஒரு கேள்வி கேட்டார். ஆய்வகத்தில் 40 டிகிரியில் சோதிக்கப்படும் துண்டை வாடிக்கையாளர் வீட்டில் 60 டிகிரியில் துவைத்தால் சுருக்கம் எவ்வளவு மாறும் என்பது அவருடைய ஐயம். ஒரே லாட்டிலிருந்து துண்டுகளை எடுத்து இரண்டு வெப்பநிலைகளிலும் துவைக்கச் செய்து, ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் அளந்த அளவுகளை அட்டவணையாக்கி அனுப்பினேன். அந்தச் செய்தியில் ஆர்டர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன்பின் பல மாதங்கள் சாயம் இறங்குதல், ஓரத் தையல் சுருண்டு போதல் என்று தொழில் சார்ந்தே பேசிக்கொண்டோம்.

ஒருமுறை அவர் மிகச் சிறிய எண்ணிக்கையில் டிஜிட்டல் பிரிண்ட் துண்டுகள் வேண்டும் என்றார். எங்கள் அமைப்பில் அது கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாகக் கூறி, அதையே சிறப்பாகச் செய்யும் மற்றொரு கரூர் நிறுவனத்தை அறிமுகப்படுத்தி வைத்தேன். அலுவலகத்தில் சிலருக்கு இதில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த டென்மார்க் நிறுவனம் வாஃபிள் துண்டுகளுக்குப் புதிய சப்ளையரைத் தேடத் தொடங்கியபோது, கொள்முதல் பிரிவுக்கு எங்கள் பெயரை எடுத்துச் சென்றவர் அவரேதான். செய்ய முடியாததை முடியாது என்று சொன்ன ஒருவர் முடியும் என்று சொல்வதை நம்பலாம் என்று அவர் தம் மேலாளரிடம் கூறியதாகப் பின்னர் அறிந்தேன்.

2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த எங்கள் ஊர் நண்பர்கள் பலர் ஒரே வாரத்தில் ஐரோப்பிய பையர்களைத் தேடிச் செய்தி அனுப்பினார்கள். அவர்களுடைய நெருக்கடி உண்மையானது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. எனினும் நெருக்கடி வந்த நாளில் தொடங்கும் அறிமுகத்தை எதிர்த்தரப்பு உடனே இனம் கண்டுகொள்கிறது. சரக்கு தேங்காத நல்ல நாட்களில் நான்கு பேருடனாவது தொழில் பேசிவைத்திருந்தவர்களுக்கே அந்த மாதங்களில் பதில் வந்தது.

வார்ப்படத் தொழில், கோயம்புத்தூர்

கரூர்ச் சகோதரி துணியின் சுருக்கத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும், எங்கள் தொழிலிலும் உறவு ஒன்றைத் தேடித் தந்தது சுருக்கமே என்பது நினைவுக்கு வந்தது. உருகிய வார்ப்பிரும்பு இறுகிக் குளிரும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால், மணலில் அச்சுப் பதிக்க உதவும் மாதிரியான பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். எங்கள் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் செய்து தரும் பெரியவர் ஒருவர், ஒரு பம்ப் உறையின் எந்தப் பகுதி தடையின்றிச் சுருங்கும், எந்தப் பகுதியை உள்ளிருக்கும் மணல் கோர் (உட்குழிவை உண்டாக்க வைக்கும் மணல் கட்டி) தடுக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் கூறிவிடுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. லிங்க்ட்இன் கணக்கும் கிடையாது.

அவருடைய இசைவைப் பெற்று, அவர் ஒரு பேட்டர்னை அளந்து திருத்தும் முறையைப் படங்களுடன் எழுதினேன். புனேயிலிருந்து ஒரு வால்வு உற்பத்தியாளர் தொடர்பு கொண்டு, நேரில் வந்து, அவருடைய பட்டறையிலேயே அரை நாள் அமர்ந்து பேசிச் சென்றார். முதலில் வேலை கிடைத்தது பெரியவருக்குத்தான். அந்தப் பேட்டர்ன்களுக்கான வார்ப்பு வேலை பிறகு எங்களிடம் வந்தது. நம்மோடு வேலை செய்பவர்களின் திறமையைப் பெயர் சொல்லிப் பிறருக்குக் காட்டுவதைவிட நம் நிறுவனத்தைப் பற்றி நல்ல எண்ணத்தை உண்டாக்கக்கூடிய விளம்பரத்தை நான் இதுவரை காணவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். என்னோடு ஒரு நாளும் பணியாற்றாத ஒருவர், லிங்க்ட்இன்னில் தாம் எனக்குப் பரிந்துரை எழுதுவதாகவும் பதிலுக்கு நான் அவருக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டார். மரியாதையுடன் மறுத்துவிட்டேன். அந்தப் பரிந்துரையை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து ஏமாந்தால் அதில் என் பெயரும் இருக்குமல்லவா?

மென்பொருள் சேவை, சென்னை

நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே அறிமுகமானவர்கள் புதிய வாய்ப்புகளைக் கொண்டுவருகிறார்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை 5 ஆண்டுகள் ஆராய்ந்து 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, முற்றிலும் முகம் தெரியாதவர்களைவிட, பொதுவான நண்பர்கள் சிலரேனும் உள்ள மிதமான அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது. அது வேலைவாய்ப்பைப் பற்றிய ஆய்வு என்றாலும், என் சிறு நிறுவனத்துக்கு வந்த வாடிக்கையாளர்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலோர் அந்த வகையினரே: முந்தைய அலுவலகத்தில் வேறு தளத்தில் இருந்தவர், ஒரு கருத்தரங்கில் ஒரே மேசையில் உணவருந்தியவர். ஆண்டுக்கு ஓரிரு முறை அவர்களுடைய பணி பற்றி உண்மையான ஒரு கேள்வி கேட்டு எழுதுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

பெண் தொழில்முனைவோர் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொழில் பேசுவதாகத் தொடங்கி மூன்றாவது செய்தியிலேயே புகைப்படத்தைப் புகழ்பவர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் எதுவும் எழுதாமல் தடை செய்துவிடுங்கள். அதனால் எந்த வணிகமும் கைநழுவிப் போகாது.

ஏற்றுமதி ஆவணப் பணி, தூத்துக்குடி

உறவு வளர்ப்பதைப் பற்றி அனைவரும் எழுதிவிட்டீர்கள். சரிபார்ப்பதையும் அதன் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். பிரிட்டன் பையர் என்று ஒருவர் அறிமுகமானால், அந்நாட்டு அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரையும் இயக்குநர்களையும் தாக்கல் செய்த கணக்குகளையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கடனுக்குச் சரக்கு அனுப்பும் நிலை வந்தால் இசிஜிசி என்ற அரசு ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சப்ளையராகப் பதிவு செய்யக் கட்டணம் கேட்கும் பையரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நேர்மையான பையர்கள் இந்த விசாரிப்பை ஒருபோதும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அவர்களும் நம்மைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் வாடிக்கையாளரான ஒரு முந்திரி ஏற்றுமதியாளர், லிங்க்ட்இன்னில் அறிமுகமான ராட்டர்டாம் இறக்குமதியாளருடன் மாதம் ஒருமுறை வீடியோவில் முகம் பார்த்துப் பேசிவந்தார். ஒரு சரக்குக்கான பணம் வரவேண்டிய வேளையில், எங்கள் வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக இறக்குமதியாளருக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். கடிதத்தின் நடையும் முத்திரையும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் இவர் எழுத்தில் மட்டும் அனுப்ப மாட்டாரே என்று ஐயுற்ற இறக்குமதியாளர், பணம் அனுப்பும் முன் தம்மிடமிருந்த பழைய எண்ணில் எங்கள் வாடிக்கையாளரை அழைத்துக் கேட்டார். அன்றே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்தோம். பணம் உரிய கணக்கில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு கணக்கு விவரம் எதுவானாலும் இரு தரப்பும் வீடியோவில் பேசி உறுதி செய்த பின்னரே மாற்றுவது என்று ஒப்பந்தப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.