பிரிண்டர் போர்ட்ல சவுண்ட் வரவைக்க முடியுமா?

பழையடப்பா: ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் சிக்கிருக்கு, டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) நல்லா ஓடுது, ஆனா சவுண்ட் கார்டு இல்ல. உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர் கீச்சு கீச்சுன்னு கத்துது, அவ்ளோதான். பழைய சவுண்ட் பிளாஸ்டர் கார்டு விலை கேட்டா தலை சுத்துது. பிரிண்டர் சொருகற எடத்துல ரெசிஸ்டர் வச்சே பாட்டு கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அடிச்சு விடறாரா?

ஈயப்பத்த: நெசம்தாங்க. 80கள்லயே கோவாக்ஸ் ஸ்பீச் திங்னு இதத்தான் வித்தாங்க. போர்ட்ல 2லேருந்து 9 வரைக்கும் எட்டு பின்னு டேட்டா, எட்டு பிட்டுன்னா 256 லெவல், ஏணி மாதிரி கோத்த ரெசிஸ்டருங்க அத வோல்டேஜா மாத்திடும். 10கே (10 கிலோ ஓம்) ஏழு, 20கே ஒம்போது, மொத்தம் பதினாறு. 20கே கெடைக்கலன்னா ரெண்டு 10கேவ வரிசையா போடுங்க, ஆனா மொத்தம் 25 வாங்கணும். மதிப்பு 1%க்கு மேல தப்பாத ரகமா பாத்து வாங்குங்க, 5% போட்டு நான் பட்டது போதும், பெரிய பிட்டோட (மதிப்பு அதிகமான பிட்டு) ரெசிஸ்டர் கொஞ்சம் தப்பினாலும் சத்தம் கரகரன்னு ஆயிடும்.

ராத்திரிகோடர்: ஹெட்போன நேரா மாட்டிடாதீங்க, சத்தம் ரொம்ப கம்மியாத்தான் கேக்கும், ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர் வேணும். இன்னொண்ணு, இதுல டேட்டாவ சேத்து வைக்கற பஃபரும் இல்ல, சிபியூ இல்லாம டேட்டாவ அனுப்பற டிஎம்ஏவும் இல்ல, 22 கிலோஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 22,000 தடவை சிபியூவே ஒவ்வொரு பைட்டா போர்ட்ல எழுதணும், 386 பாவம் மூச்சு வாங்கும். இதே மாதிரி பிரிண்டர் போர்ட்ல மாட்டற டிஸ்னி சவுண்ட் சோர்ஸ்லயாவது 16 பைட் பஃபர் இருந்துச்சு, ஆனா வேகம் 7 கிலோஹெர்ட்ஸ்தான், பேச்சுக்கு ஓகே, பாட்டுன்னா ரேடியோவ போர்வைக்குள்ள வச்ச மாதிரி இருக்கும். வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாடறதா இருந்தா அதுல டிஸ்னி சப்போர்ட் இருக்கு.

பழையடப்பா: அட! அப்போ லேப்டாப்ல யூஎஸ்பி பிரிண்டர் கேபிள் போட்டும் பண்ணலாமா?

ஈயப்பத்த: ஆகாது. அது தன்னை பிரிண்டர்னுதான் காட்டிக்கும், புரோகிராம் 378னு நேரா போர்ட் அட்ரஸ்ல எழுதறது அங்க போய் சேராது. லேப்டாப்னா டாஸ்பாக்ஸ்ல (டாஸ் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற புரோகிராம்) டிஸ்னிய ஆன் பண்ணி கேளுங்க, ஈயம் பத்த வைக்கற வேலையே இல்ல.

பழையடப்பா: பத்த வைக்கறதுலதான சார் கிக்கே. 1% ரெசிஸ்டர் வாங்கியாச்சு, ஞாயித்துக்கிழமை உக்காரறேன்.