ஆட்கள் தேவை என்று எழுதிவிட்டுப் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பலாமா?

புதுவயல் பி.காம்:
போன மாதம் காரைக்குடியில் ஒரு கடை வாசலில் "கணக்கு எழுத ஆள் தேவை" என்று அட்டை தொங்கியது. நானும் என் தோழியும் ஒன்றாகப் போனோம். ஒரே கல்லூரி, டேலி படித்ததும் ஒரே இடத்தில். மதிப்பெண் எனக்குத்தான் கூடுதல். அவளிடம் இருபது நிமிடம் கேள்வி கேட்டார்கள். என் கோப்பைத் திறந்தவர் பெயரைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அப்பா என்ன செய்கிறார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார். அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் வந்துவிட்டது. இங்கே கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், இது நியாயமா?

கண்டனூர் கடைக்காரர்:
வருத்தம் புரிகிறதம்மா. ஆனால் கணக்கும் கல்லாவும் தெரிந்த கையில்தான் இருக்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், பெட்டியடிப் பையன் முதல் அடுத்தாள், மேலாள் வரை தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் கப்பலேற்றினார்கள். அதை யாராவது மதவெறி என்றார்களா? என் கடையில் ஏழு பேர். வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் தொழப் போய்விட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது?

புதுவயல் பி.காம்:
அண்ணே, ஜும்மா ஆண்களுக்குத்தான் கடமை, பெண்களுக்கு இல்லை. என் லுஹர் தொழுகை சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லையே.

தேவகோட்டை வாத்தியார்:
இது ஒரு கடையின் கதை மட்டுமில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கும் குறைவுதான். அங்கே கல்லாவும் இல்லை, தொழுகையும் இல்லை. தாளில் ஒரு பெயர், அவ்வளவே.

அமெரிக்காவில் சமந்தா எலாஃப் என்ற பெண்ணுக்குத் தலைமுக்காட்டால் ஒரு துணிக்கடையில் வேலை மறுக்கப்பட்டது. "மதத்துக்காக அணிந்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லையே" என்று நிறுவனம் வாதாடியது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உறுதியாகத் தெரியாவிட்டாலும், ஆடை விதியில் விதிவிலக்குத் தர வேண்டிவருமோ என்று ஒதுக்கினாலே சட்டப்படி தவறுதான் என்றது. வேலையில் சம வாய்ப்பைச் சொல்லும் நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவோ அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் கடையில் இப்படி நடந்தால் இந்தப் பெண் எந்தப் படியேறுவாள்?

கண்டனூர் கடைக்காரர்:
அந்த அமெரிக்கச் சட்டமே 15 பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடுவதில்லை, வாத்தியாரே. சின்னக் கடையில் ஒரு ஆள் தவறினால் கடையே படுத்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இளையான்குடிக்காரன்:
ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்களின் கடைகளிலும் மைத்துனன், மச்சான் பிள்ளைகள்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஒரு கடையில் சேர்ந்தேன். சொந்தக்காரனுக்கு வேலை கொடுப்பதானால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். தெருவைப் பார்த்து அட்டை தொங்கவிட்டால், படியேறி வருகிற எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இதில் ஏழு பேர் கடை, எழுபது பேர் கடை என்ற பேதம் எனக்குத் தெரியவில்லை.

கண்டனூர் கடைக்காரர்:
கேள்வி கேட்டிருக்க வேண்டும். அது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லாவில் யாரை உட்கார வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

புதுவயல் பி.காம்:
நான் கல்லாவைக் கேட்கவில்லை அண்ணே, கணக்கு எழுதத்தான் போனேன். தோழி இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஜிஎஸ்டி கணக்கில் சிக்கல் வந்தால் இரவு எனக்குத்தான் போன் செய்கிறாள். நேற்றுக்கூட அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன்.