கடல் பாக்டீரியாவின் இரும்புப் பிடிப்பு: சோதனைக் கரைசல் நீலமாகவே நிற்பது ஏன்?

கேள்வி:
கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த விப்ரியோ என்னும் பாக்டீரியா வகை ஒன்று, இரும்பைப் பிடிக்கும் சிறு மூலக்கூறான சிடரோஃபோரைச் சுரக்கிறதா என்று சோதித்து வருகிறேன். மரைன் பிராத் 2216 என்னும் ஆயத்த வளர்ப்பு ஊடகத்தில் இரண்டு நாள் வளர்த்து, செல்களைச் சுழற்றிப் பிரித்து, தெளிநீரை, இரும்போடு சேர்ந்து நீலமாக நிற்கும் குரோம் அசுரால் எஸ் சாயக் கரைசலோடு கலந்தால், சிடரோஃபோர் இரும்பைப் பறித்ததும் ஆரஞ்சாக மாற வேண்டிய நீலம் மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது. வளர்ச்சியோ மிக நன்றாக உள்ளது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
வளர்ச்சி நன்றாக இருப்பதில்தான் விடை இருக்கிறது. அந்த ஊடகத்தில் லிட்டருக்கு 0.1 கிராம் ஃபெரிக் சிட்ரேட் என்னும் இரும்பு உப்பு சேர்க்கப்பட்டுள்ளது. திறந்த கடலின் மேற்பரப்பில் கரைந்துள்ள இரும்பு பெரும்பாலும் 1 நானோமோலாருக்கும் குறைவு. உங்கள் குடுவையில் இருப்பதோ அதைப்போல் லட்சக்கணக்கான மடங்கு. செல்லுக்குள் இரும்பு நிறைந்தால், ஃபர் என்னும் புரதம் அதனோடு இணைந்து, சிடரோஃபோர் மரபணுக்களின் முகப்பில் அமர்ந்து அவற்றை அடக்கிவிடும். வயிறு நிறைந்தவன் ஏன் தூண்டில் போடப் போகிறான்? செயற்கைக் கடல்நீரில் காசமினோ அமிலம் (பால் புரதத்தைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலக் கலவை) மட்டும் சேர்த்து வளர்த்துப் பாருங்கள். குடுவைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுங்கள். பாஸ்பேட்டையும் குறைத்துவிடுங்கள், அது சாயத்திலிருந்து இரும்பைப் பறித்துப் பொய்யான ஆரஞ்சைக் காட்டும்.

கேட்டவர்:
அவ்வாறே செய்தேன். வளர்ச்சி மந்தமாகிவிட்டது, ஆயினும் தெளிநீர் இன்னும் நீலம்தான்.

மறுமொழி 2:
தெளிநீரை விடுங்கள், அடியில் தங்கிய செல் படிவைச் சோதியுங்கள். கடலில் வெளியே விட்ட சிடரோஃபோர் அலையோடு போய்விடக்கூடும் என்பதாலோ என்னவோ, கடல் பாக்டீரியாக்கள் பல அதற்கு ஒரு கொழுப்பமில வாலை வைத்திருக்கின்றன. மரினோபாக்டின், அக்வாகெலின் ஆகியவை அத்தகையவை. விப்ரியோவில் கண்டறியப்பட்ட ஆம்ஃபிபாக்டினோ அந்த வாலால் செல்லோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். படிவை மெத்தனாலில் கலக்கி, சாற்றை உலர்த்தி, சிறிது நீரில் கரைத்து, அதன்பின் சாயத்தோடு சேருங்கள். பாக்டீரியா இல்லாத ஊடகத்தையும் அதே முறையில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். எல்லாவற்றையும் வெயில் படாமல் வைப்பது நல்லது. இரும்பேற்ற அக்வாகெலின் சூரிய ஒளியில் சிதைந்து, ஃபெரிக் இரும்பு (Fe³⁺) ஃபெரஸாக (Fe²⁺) மாறும்.

கேட்டவர்:
படிவின் சாறு சேர்த்த குழாய் அரை மணி நேரத்திற்குள் ஊதாவாகி, பிறகு தெளிவான ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. ஊடகம் மட்டும் சேர்த்த குழாய் நீலமாகவே உள்ளது. அதே ஊடகத்தில் ஃபெரிக் குளோரைடு சேர்த்து வளர்த்த செல்களின் சாற்றிலும் நிறம் மாறவில்லை.