ஒண்ணேகால் பிளேடு அலையடிக்குது: ஒன்றரையா, ரெண்டு இன்ச்சா? அவசரம்

புதுவாள்
சார், சாயங்காலத்துக்குள்ள பிளேடு ஆர்டர் போடணும். இழுத்துட்டுப் போற பேண்ட் சா மில் (வீல்ல வளையமா ஓடுற பட்டை ரம்பத்துல மரம் அறுக்கிறது), ஒண்ணேகால் இன்ச் அகல பிளேடு. பலகை அலை அலையா வருது. ஒரே பலகையில தடிமன் 5 மி.மீ. வரைக்கும் மாறுது. அகலமான பிளேடு நேரா போகும்ங்கிறாங்க. ஒன்றரை போதுமா, ஒரேயடியா ரெண்டு இன்ச் போட்டுடலாமா?

கணுக்கட்டை
வீல் விட்டம்? எஞ்சின் எத்தனை ஹெச்.பி.? பிளேடு தடிமன் என்ன? என்ன மரம், பச்சையா காய்ஞ்சதா? இதெல்லாம் தெரியாம அகலம் சொன்னா அது ஜோசியம்.

மரத்தூள்
தண்ணி விடறீங்களா? பாதி அலை அதனாலதான். காய்ஞ்ச மரத்துல தூள் பிளேடு பக்கவாட்டுல ஒட்டி உரசும், சூடேறும். 4 மீட்டர் பிளேடு 30 டிகிரி சூடேறினா ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீளும். டென்ஷன் அங்கேயே போச்சு. தண்ணியில கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சொட்டுச் சொட்டா விடுங்க.

பழையரம்பம்
அகலம் அலையைத் தீர்க்காது என்று இங்கே எத்தனை முறை எழுதியாயிற்று. தேடிப் படிக்க ஐந்து நிமிடம் இல்லை, ஆர்டர் போட மட்டும் அவசரம். முதலில் மில்லோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். பிளேடைத் தாங்கிப் பிடிக்கும் கைடு ரோலர் எந்த அகலத்துக்குக் கடைந்திருக்கிறது என்று அதிலேயே இருக்கும்.

புதுவாள்
வீல் 19 இன்ச். பெட்ரோல் எஞ்சின் 9 ஹெச்.பி. பிளேடு 1.07 மி.மீ. தடிமன், 10 டிகிரி சாய்வுப் பல். மரம் காய்ஞ்ச புளி. கையேடு இல்ல சார், பழைய மில்.

கணுக்கட்டை
அப்ப ரெண்டு இன்ச்சை மறந்துடுங்க. மூணு காரணம்.

அந்த அகலம் பெரும்பாலும் தடிச்சுத்தான் வரும். 1.07-க்குப் பதிலா 1.4 போட்டா, அதே 19 இன்ச் வீல்ல வளையும்போது ஏறுற அழுத்தம் சுமார் 30 சதவீதம் கூடும். பல் இடுக்குல, அதாவது குழிவோட அடியில, விரிசல் விட்டு சீக்கிரமே அறுந்துடும். வீல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் தடிமனுக்குக் கணக்கு. 19 இன்ச்சுன்னா 480 மி.மீ., அதுக்கு 1.07-ஏ ரெண்டு மடங்குக்கு மேல. இதுக்கும் மேல ஏத்தாதீங்க.

அடுத்தது டென்ஷன். இழுக்கிற விசை பிளேடோட குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. உங்க ஒண்ணேகால் இன்ச், அதாவது 32 × 1.07 கிட்டத்தட்ட 34 சதுர மி.மீ., 50 × 1.4 ஆனா 70. அதே விறைப்பு வேணும்னா ரெண்டு மடங்கு இழுக்கணும். உங்க டென்ஷன் போல்ட்டும் ஃபிரேமும் அதுக்குச் செஞ்சது இல்ல. பாதி விறைப்புல ஓடுற ரெண்டு இன்ச், முழு விறைப்புல ஓடுற ஒண்ணேகாலை விட மோசமா அலையும்.

கடைசியா ரோலர். 32-க்கு கடைஞ்ச ரோலர்ல 50 போட்டா, பின்னாடி இருக்கிற விளிம்பு பிளேடை முன்னாடி தள்ளும். பல் மட்டும் இல்லாம பிளேடுல பாதி ரோலருக்கு வெளியில தொங்கும்.

ஒன்றரை ஓரளவுக்குச் சாத்தியம்தான், ரோலரும் டென்ஷனும் ஏத்துக்கிட்டா. ஆனா அலைக்குக் காரணம் வேற எங்கேயோ இருக்கு. எத்தனை தடவை சாணை பிடிச்சீங்க? செட், அதாவது பல்லை ரெண்டு பக்கமும் வெளியே வளைச்சிருக்கிற அளவு, அளந்தீங்களா? ரோலரைத் தாங்குற நகரும் கைடு கை எங்க நிக்குது?

ஈர்க்குச்சி
அகலம் கூடினா மரமும் அதிகமா தூளாப் போகும், அதையும் சொல்லுங்க.

பழையரம்பம்
தவறு. அறுப்பின் தடம் பிளேடின் தடிமனும் இருபக்க செட்டும் சேர்ந்தது. 1.07 தடிமன், பக்கத்துக்கு 0.5 செட் என்றால் சுமார் 2.1 மி.மீ. அகலம் இந்தக் கணக்கிலேயே வராது.

ஈர்க்குச்சி
ஏட்டுக் கணக்கு சரிதான். அகலமானதை 1.07-ல் யார் வாங்குறாங்க? 1.27, 1.4-னுதான் வருது. அப்ப தடம் கூடுதா இல்லையா?

பழையரம்பம்
அப்படியென்றால் "தடிமன் கூடினால்" என்று எழுதியிருக்க வேண்டும்.

கணுக்கட்டை
ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க. 9 ஹெச்.பி.-க்கு அந்தக் கூடுதல் தடமும் சுமைதான், விடுங்க.

புதுவாள்
சாணை 3 தடவை. வீட்டு கிரைண்டர்லதான். செட் பார்க்கல. கைடு கை எப்பவும் கடைசி வரைக்கும் திறந்துதான் இருக்கும், தடி சில நேரம் பெருசா வருமே.

கணுக்கட்டை
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்.

செட் அதிகமா இருக்கிறது பல்லு நுனியிலதான். தேய்க்கத் தேய்க்க அது போயிடும். பிளேடோட உடம்பு மரத்தை உரச ஆரம்பிச்சு, போக இடம் இல்லாம மேலயோ கீழயோ திரும்பும். முதல்ல செட் வச்சுட்டு அப்புறம் சாணை பிடிங்க. பக்கத்துக்கு 0.5 மி.மீ., ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் குறைஞ்சா அலை இல்ல, ஒரே பக்கமா இழுக்கும். சாணையில பல் நுனியை மட்டும் தொட்டா குழிவு ஆழம் குறைஞ்சு தூள் அடைக்கும், குழிவையும் சேர்த்துத் தேய்ங்க.

கைடு கையைத் தடிக்கு ஒண்ணு, ரெண்டு இன்ச் தூரத்துல நிறுத்துங்க. தடி மாறும்போதெல்லாம் நகர்த்தணும், அதுக்குத்தான் அது நகருது.

ரோலர் பிளேடைத் தொட்டதுக்கப்புறம் இன்னும் 6 மி.மீ. கீழே அழுத்தணும். பிளேடு முதுகுக்கும் ரோலர் விளிம்புக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி. அறுக்கும்போது மட்டும் லேசாத் தொடலாம், எப்பவும் உரசினா முதுகுல விரிசல் வரும்.

காய்ஞ்ச புளிக்கு 10 டிகிரி அதிகம். 7 வாங்குங்க, ரொம்ப இறுகிப்போன மரம்னா 4. ஆர்டர் போடுறதா இருந்தா அதே 32 × 1.07-தான்.

ஈர்க்குச்சி
ராத்திரி டென்ஷனைத் தளர்த்திட்டுப் போங்க. பிளேடுக்கும் வீல் பெல்ட்டுக்கும் நல்லது.

புதுவாள்
கைடு கையைத் தடியை ஒட்டி வச்சு, ரோலரை இறக்கி, பழைய பிளேடுக்கு செட் வச்சதும் 1 மி.மீ.-க்குள்ள வந்துடுச்சு. கணு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் இருக்கு. ஒண்ணேகால், 7 டிகிரி, அஞ்சு சொல்லிட்டேன். நன்றி அண்ணா.

கணுக்கட்டை
கணு வரும்போது தள்ளுற வேகத்தைக் குறைங்க. பல்லை எத்தனை மி.மீ. இடைவெளியில சொன்னீங்க? 22-ஆ?

மரத்தூள்
தண்ணி விட்டீங்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.