டி.எம்.டி.யில் (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி) கீழ்ப்பக்க லீடுகளில் மட்டும் எஸ்.டி. தாழ்வு: பாசிட்டிவ் என்று எழுதலாமா?

கேள்வி (இசிஜி டெக்னீஷியன்):
46 வயதுப் பெண். ஓய்வில் எடுத்த இசிஜி நார்மல். புரூஸ் முறையில் (வேகமும் சரிவும் படிப்படியாக ஏறும் முறை) 9 நிமிடம் முடித்தார். உச்சத் துடிப்பு 158. வயதுக்கான உச்சத் துடிப்பில் (220 கழித்தல் வயது) 85 சதவீத இலக்கு 148தான். நெஞ்சுவலி இல்லை, பிரஷர் ஒழுங்காக ஏறியது. இதயத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப்பில் மட்டும் 1.2 மி.மீ. எஸ்.டி. தாழ்வு (கியூஆர்எஸ் என்ற கூர்முனை அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு கீழே இறங்குவது). நெஞ்சு லீடான வி5 சுத்தம். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் கோடு பழையபடி வந்துவிட்டது. மெஷின் 'பாசிட்டிவ்' (இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்ற அறிகுறி) என்று அடிக்கிறது. டாக்டரிடம் அப்படியே அனுப்பவா?

பதில் 1 (கார்டியாலஜி மேற்படிப்பு மருத்துவர்):
மெஷின் எங்கே அளந்தது என்று முதலில் பாருங்க. ஜே புள்ளியிலேயே (கியூஆர்எஸ் முடிந்து எஸ்.டி. தொடங்கும் இடம்) அளந்திருந்தால் அந்த 1.2க்கு மதிப்பில்லை. ஜே புள்ளியிலிருந்து 60 முதல் 80 மில்லிசெகண்ட் தள்ளி, கோடு படுத்தோ கீழ்நோக்கிச் சரிந்தோ 1 மி.மீ. இருக்கணும், அடுத்தடுத்து மூன்று துடிப்பிலாவது அது தெரியணும். மேல்நோக்கி ஏறும் கோடாக இருந்தால் 80 மில்லிசெகண்டில் 1.5 மி.மீ.க்குக் குறைவானதை நான் பாசிட்டிவ் என்று எடுக்க மாட்டேன்.

தாழ்வை அளக்கும் அடிக்கோடு பிக்யூ சந்திப்பு (கியூஆர்எஸ் தொடங்கும் இடம்), டிபி (டி அலைக்கும் அடுத்த பி அலைக்கும் இடைப்பட்ட கோடு) அல்ல. துடிப்பு 150ஐத் தாண்டினால் டிபி கிடைப்பதே அபூர்வம். கீழ்ப்பக்க லீடுகளில் இன்னொரு தொல்லை, ஏட்ரியத்தின் (இதய மேலறை) ரீபோலரைசேஷன், அதாவது சுருங்கிய பின் அதன் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்புவது. வேகத் துடிப்பில் அது எஸ்.டி. மேல் விழுந்து கோட்டைக் கீழே இழுக்கும். வி5 சுத்தமாக இருக்க இந்த மூன்றில் மட்டும் தாழ்வு என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பதில் 2 (பயோமெடிக்கல்):
மெஷின் பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த காம்ப்ளெக்ஸை நம்பாதீங்க, சராசரி எடுக்காத மூல ஸ்ட்ரிப்பைப் பாருங்க. அடிக்கோடு அலைந்தால் சாஃப்ட்வேர் சராசரியில் இல்லாத தாழ்வை வரைந்துவிடும். முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, தோலை லேசாகத் தேய்த்த பிறகே எலெக்ட்ரோடு ஒட்டணும். கை லீடுகள் காறை எலும்புக்குக் கீழே. வயிற்றில் ஒட்டிய கால் லீடு தளர்ந்தால் கெடுவது இதே 2, 3, ஏவிஎஃப்தான்.

கேட்டவர்:
பார்த்தேன். ஏறும் கோடுதான், 80 மில்லிசெகண்டில் 0.6 மட்டும்.

பதில் 3 (கார்டியாலஜிஸ்ட்):
அப்படியானால் டியூக் ஸ்கோரை (டி.எம்.டி. முடிவை வைத்து இதய ஆபத்தைக் கணிக்கும் எண்) திரும்பப் போடுங்க. நடந்த நிமிடங்களிலிருந்து எஸ்.டி. மாற்றத்தின் ஐந்து மடங்கையும், வலிக் குறியீட்டின் (நெஞ்சுவலி இல்லாவிட்டால் பூஜ்யம்) நான்கு மடங்கையும் கழிக்கணும். 1.2 என்று போட்டால் 9 கழித்தல் 6, மூன்று, நடுத்தர ஆபத்து. 1 மி.மீ.க்குக் குறைந்ததைப் பூஜ்யமாக எடுத்தால் 9, குறைந்த ஆபத்து. அரை மி.மீ. தப்பு ஒருவரை ஆஞ்சியோ மேஜை வரை கொண்டுபோய்விடும்.

மறுபக்கமும் மறக்காதீங்க. நெகட்டிவ் வந்தால் அடைப்பே இல்லை என்று ஆகாது. ஒரே ஒரு இதய ரத்தக்குழாயில் மட்டும் உள்ள அடைப்பை இந்தச் சோதனை அடிக்கடி தவறவிடும். தாழ்வு எந்த லீடில் தெரிந்தாலும் எந்தக் குழாய் என்று சொல்லாது. கியூ அலை (பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தடயம்) இல்லாத லீடில் எஸ்.டி. 1 மி.மீ. உயர்ந்தால் மட்டும் கதை வேறு, அங்கேயே பெல்ட்டை நிறுத்துங்க. எல்பிபிபி (இதயத்தின் இடப்பக்க மின்பாதை அடைப்பு), டபிள்யூபிடபிள்யூ (பிறவியிலேயே உள்ள கூடுதல் மின்பாதை), பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு எஸ்.டி.யை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டிகாக்சின் என்ற இதய மருந்து போலித் தாழ்வு காட்டும்.

ஒன்று கேட்கணும்: கைப்பிடியில் சாய்ந்தபடி நடந்தாரா? ஆம் என்றால் அந்த 9 நிமிடமே ஊதிய எண், ஸ்கோரும் போச்சு.